புளுகிய விளம்பரமும் ஏமாற்றிய டிரெய்லரும்

நெருப்பைக் கக்கிக்கொண்டு பாய்கிறது ஒரு பந்தயக் கார். அதன்மேல் ஒரு டிவி பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். திரையில் வீடியோ கேம் நிறுவனமான சேகாவின் நீல முள்ளெலி சோனிக் தலைதெறிக்க ஓடுகிறது. அடுத்து ஒரு லொடலொட வேன். அதன்மேலும் ஒரு டிவி. அதில் ஓடுவது போட்டி நிறுவனமான நின்டெண்டோவின் மரியோ கார்ட். கார் கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது. வேன் முக்கி முனகுகிறது. எங்களிடம் ‘பிளாஸ்ட் பிராசஸிங்’ இருக்கிறது, அவர்களிடம் இல்லை என்கிறது பின்னணிக் குரல். அவ்வளவுதான் விளம்பரம்.

1990-களின் முற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது இது. பிளாஸ்ட் பிராசஸிங் என்றால் என்ன? படத்தை வரையும் சிப்புக்குத் தகவலைப் படுவேகமாகத் தள்ளிவிடும் ஒரு நுணுக்கத்தைப் பற்றி சேகாவின் தொழில்நுட்பப் பிரிவில் பேச்சு அடிபட்டது. மார்க்கெட்டிங் ஆட்களின் காதில் அது விழுந்தது. பெயர் தயார்! கடையில் விற்ற சோனிக் வேகமாக ஓடியதற்கும் அந்த நுணுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. சேகாவின் ஜெனிசிஸ் கருவியின் பிராசஸர் வேகம் 7.67 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நின்டெண்டோவுடையது 3.58 மெகாஹெர்ட்ஸ் என்பதென்னவோ உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு ரகச் சிப்புகள். எண்ணை மட்டும் வைத்து இது உசத்தி, அது மட்டம் என்று சொல்ல முடியாது. திரையில் ஒரே நேரத்தில் காட்டக்கூடிய நிறங்களை எண்ணினால் நின்டெண்டோதான் மேலே. அதையெல்லாம் எந்த வேன் மீது கட்டிக் காட்டுவது?

இந்த மாதிரி விளம்பரங்களை இன்று யூடியூபில் மணிக்கணக்கில் பார்க்கலாம். பல, யாரோ ஒருவர் வீட்டில் சினிமாவோ கார்ட்டூனோ வி.எச்.எஸ். கேசட்டில் பதிந்தபோது நடுவில் மாட்டிக்கொண்டவை. படம் நடுங்கும், நிறம் வழியும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் உறைக்கிறது. திரையில் வெறும் கட்டங்களும் புள்ளிகளும் ஓடிய காலத்தில் கம்பெனிகள் வாய்கூசாமல் புளுகின. ஆனால் யாரும் ஏமாறவில்லை. படம் நிஜம்போலத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் உண்மையான ஏமாற்று வேலை ஆரம்பித்தது.

சோபாவில் யார் யார்?

முதலில் அட்டாரி நிறுவனம். 1977-இல் வந்த அதன் வீட்டுக் கருவியில் பீரங்கி என்றால் ஒரு கட்டம், குண்டு என்றால் ஒரு புள்ளி. அட்டையில் மட்டும் தூரிகையால் தீட்டிய அட்டகாசமான ஓவியம்: புழுதி பறக்கும் போர்க்களம், வெடித்துச் சிதறும் விண்கலம். அட்டையைப் பிரித்து கேட்ரிட்ஜைச் சொருகினால் கட்டமும் புள்ளியும்தான். அந்த வித்தியாசம் வாங்கிய குழந்தைக்கும் தெரியும், காசு கொடுத்த அப்பாவுக்கும் தெரியும். ஓவியம் கற்பனைக்கு, கட்டம் விளையாட்டுக்கு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

டிவி விளம்பரத்திலும் இதே கதைதான். கேமராவுக்குத் திரையில் காட்ட அதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. எனவே அது சோபாவைக் காட்டியது. இன்று அட்டாரி ஆடினீர்களா என்று பாட்டாகவே கேட்ட அந்த விளம்பரங்களில் சோபாவில் தாத்தா இருப்பார், அம்மா இருப்பார், அக்கா தம்பி எல்லோரும் இருப்பார்கள். தாத்தா தோற்றுப்போய்த் தலையில் கை வைப்பார், பேத்தி குதிப்பாள். விற்கப்பட்ட சரக்கு, வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் அந்த ஒரு சாயங்காலம்.

போட்டிக்கு வந்த மேட்டல் நிறுவனம் வேறு வழி பிடித்தது. பொம்மை விற்கிற கம்பெனி, தன் இன்டெலிவிஷன் கருவிக்கு ஆள் பிடித்தது எங்கே தெரியுமா? ‘தி பாரிஸ் ரிவ்யூ’ இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டனிடம்! கோட்டு சூட்டில் வந்து நிற்பார். பக்கத்தில் இரண்டு டிவி. ஒன்றில் அட்டாரியின் பேஸ்பால், இன்னொன்றில் இன்டெலிவிஷன் பேஸ்பால். எது நிஜ ஆட்டம்போல இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்பார் பேராசிரியர் தோரணையில். நம் ஊர் சலவைத்தூள் விளம்பரத்தில் இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்களே, அதேதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இரண்டு திரைகளிலும் ஓடியது நிஜமான ஆட்டம். பின்னால் வந்த பல டிரெய்லர்களுக்கு இல்லாத நேர்மை அது.

1982 கிறிஸ்துமஸுக்கு ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை ஆட்டமாக்கி ஊரெல்லாம் விளம்பரம் செய்தது அட்டாரி. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை புரோகிராமர், சுமார் 5 வாரத்தில் அதை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. பண்டிகைக்குள் கடைக்கு வந்தாக வேண்டுமே! விளம்பரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆட்டம் செய்யவில்லை. குழியில் விழுந்து விழுந்து எழுந்திருப்பதே வேலையாகிப்போன குழந்தைகள் கேட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டார்கள். விற்காத சரக்கு 1983-இல் நியூ மெக்ஸிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் ஓர் ஆவணப்படக் குழு அதே இடத்தைத் தோண்டி, நசுங்கிய ஈ.டி. அட்டைகளை வெளியே எடுத்தது.

அந்த ஒரு ஆட்டத்தால் மட்டும் தொழில் விழவில்லை. மட்டமான ஆட்டங்கள் மலைபோலக் குவிந்ததில் 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே படுத்துவிட்டது. கடைக்காரர்கள் ‘வீடியோ கேம்’ என்ற பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்தினார்கள். 1985-இல் நியூயார்க்கில் கால்வைத்த நின்டெண்டோ, தன் பெட்டிக்கு ‘என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்’ என்று பெயர் வைத்து, கூடவே ‘ராப்’ என்ற பிளாஸ்டிக் ரோபோவையும் வைத்தது. விளம்பரத்திலும் ரோபோதான் முன்னால் நின்றது. இது கேம் இல்லை ஐயா, பொம்மை என்று கடைக்காரரை நம்ப வைக்க ஒரு வேஷம். கடைக்குள் நுழைந்தது சரி. நுழைந்த இடம் பொம்மைப் பிரிவு. அமெரிக்கப் பொம்மைக் கடைகளில் பையன்களுக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. வீடியோ கேம் பையன்கள் வரிசைக்குப் போனது. அதற்கப்புறம் வந்த விளம்பரங்களில் தாத்தாவைக் காணோம், அம்மாவைக் காணோம், அக்காவும் எழுந்து போய்விட்டாள். சோபாவில் மிச்சம் இருந்தது பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன் ஒருவன்.

1990-இல் சூப்பர் மரியோ 3 வந்தபோது அந்தப் பையன்களை வைத்தே ஒரு பிரமாண்டம் காட்டினார்கள். மரியோ, மரியோ என்று கூட்டம் கத்துகிறது. கேமரா மேலே மேலே போகிறது. கூட்டம் ஊராகிறது, ஊர் நாடாகிறது. கடைசியில் விண்வெளியிலிருந்து பார்த்தால் அமெரிக்கக் கண்டத்தின்மேல் மனிதத் தலைகளால் ஆன மரியோ முகம். இதற்குச் சில வாரங்கள் முன்பு, 1989 டிசம்பரில், ‘தி விசார்ட்’ என்று ஒரு முழுநீளப் படமே திரையரங்குக்கு வந்திருந்தது. அதன் உச்சக்கட்டமே, அமெரிக்காவில் அதுவரை வெளிவராத மரியோ 3 ஆட்டத்தைத் திரை விலக்கிக் காட்டுவதுதான். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துப்போய் விளம்பரம் பார்த்தார்கள்.

கத்தலும் குத்தலும்

சேகாவின் அமெரிக்கக் கிளைக்கு 1990-இல் டாம் கலின்ஸ்கி தலைவராக வந்தார். மேட்டலில் பார்பி பொம்மைக்குப் புது வாழ்வு கொடுத்தவர். நின்டெண்டோ கையில் சந்தையின் பெரும்பங்கு இருந்த நேரம். நல்லபிள்ளையாக இருந்தால் பருப்பு வேகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நின்டெண்டோ குழந்தைகளுக்கு, சேகா அண்ணன்களுக்கு என்று ஒரு கோடு கிழித்தார். பந்தயக் காரும் வேனும் அந்தக் கோட்டில்தான் ஓடின. படபடவென்று மாறும் காட்சிகள், கடைசி நொடியில் யாராவது கேமராவுக்குள் முகத்தைத் திணித்து ‘சேகா!’ என்று அலறுவது. பெற்றோருக்குப் பிடிக்காது. பிடிக்கக் கூடாது என்றுதான் எடுத்தார்கள்.

1993 செப்டம்பர் 13, திங்கட்கிழமை. ‘மார்ட்டல் கொம்பாட்’ சண்டை ஆட்டம் வீட்டுக் கருவிகளுக்கு வந்த நாள். ‘மார்ட்டல் மண்டே’ என்றே பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். நகரத் தெருவில் ஒரு பையன் ஆட்டத்தின் பெயரை அடிவயிற்றிலிருந்து கத்துகிறான்; சந்துபொந்துகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அந்தக் கத்தல் பின்னால் ஒரு டெக்னோ பாட்டுக்குள் போய், 1995-இல் வந்த திரைப்படத்திலும் ஒலித்து, இன்றுவரை பிரபலமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து விஷயம் அமெரிக்க செனட்டுக்குப் போனது. செனட்டர் ஜோ லீபர்மன் தலைமையில் விசாரணை. ரத்தம் தெறிக்கும் ஆட்டங்களோடு ஒரு சேகா விளம்பரமும் அங்கே பேச்சுக்கு வந்தது. யாரும் மதிக்காத ஒரு பையன், மார்ட்டல் கொம்பாட்டில் ஜெயிக்கிறான். உடனே சக பிள்ளைகள் நடுங்குகிறார்கள். பயந்தபடி ஒருவன் பிஸ்கட் தட்டை நீட்ட, கேட்டது சாக்லேட் பிஸ்கட் அல்லவா என்று தட்டையே தட்டிவிடுகிறான் நம் வீரன். இதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன ஆகும் என்று செனட்டர்கள் கவலைப்பட்டார்கள். 1994-இல் ஆட்டங்களுக்கு வயதுவாரிச் சான்று கொடுக்கும் இ.எஸ்.ஆர்.பி. அமைப்பு உருவானது அந்த விசாரணையின் விளைவுதான். செனட்டர்களின் கவலையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தச் சில நொடி விளம்பரம் உண்மையிலேயே அசிங்கமானது. ஆனால் அதில்கூட ஆட்டத்தைப் பற்றிய பொய் இல்லை. ஆடுகிறவனைப் பற்றிய பொய்தான் இருந்தது.

மலைமேல் ஒரு ஜூடோ வாத்தியார்

ஒரே ஒரு விளம்பர வரிசையைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஜப்பானுக்குப் போங்கள். 1997, 98-இல் சேகா சாட்டர்ன் கருவிக்காக வந்த ‘செகாதா சன்ஷிரோ’ விளம்பரங்கள். பழைய ‘கமேன் ரைடர்’ டிவி தொடரின் நாயகன் ஹிரோஷி ஃபுஜியோகா, வெள்ளை ஜூடோ உடையில் வருவார். அகிரா குரோசாவாவின் முதல் படத்தில் வரும் ஜூடோ வீரன் சன்ஷிரோவின் பெயரைத் திரித்து வைத்த பெயர். வெளியே ஜாலியாகப் பொழுதுபோக்கிக்கொண்டிருக்கும் இளைஞர்கள்மேல் பாய்வார். தூக்கி அடிப்பார். விழுந்தவர்கள் வெடிப்பார்கள், நிஜமாகவே, குண்டுபோல! பிறகு சாட்டர்ன் ஆடுங்கள் என்று அதட்டுவார். பயிற்சிக்காகத் தன் உயரத்துக்கும் பெரிய சாட்டர்ன் பெட்டி ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுவார். ஒரு நொடிகூடச் சிரிக்க மாட்டார். அதுதான் அதன் உயிர். நடிகர் ஒரு தடவை கண்ணடித்திருந்தாலும் எல்லாம் கெட்டிருக்கும்.

அந்த விளம்பரங்கள் ஓடியபோது ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷனிடம் சேகா தோற்றுக்கொண்டிருந்தது. தோற்கிற கம்பெனிக்கு இவ்வளவு குஷியான விளம்பரமா என்றால், அடுத்ததைக் கேளுங்கள். 1998-இல் புதிய கருவியான ட்ரீம்காஸ்டுக்கு வந்த விளம்பரத்தில் சேகாவின் நிஜ அதிகாரியான யுகாவா ஹிதேகாசு நடித்தார். தெருவில் இரண்டு பையன்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுகிறது: சேகா மட்டம், பிளேஸ்டேஷன்தான் ஜோர். மனிதர் இடிந்துபோகிறார். குடிக்கிறார், அடி வாங்குகிறார், காயத்தோடு வீட்டு வாசலில் வந்து சரிகிறார். எங்கள் சரக்கை விட எதிரியின் சரக்கு நல்லது என்று பிள்ளைகள் பேசுவதைத் தன் காசில் விளம்பரமாக எடுத்த கம்பெனி வேறு ஏதும் உண்டா? கோட்டு சூட்டுக்காரரான யுகாவா ஜப்பான் முழுக்கப் பிரபலமாகிவிட்டார்.

சன்ஷிரோவுக்கும் முடிவு எழுதினார்கள். ட்ரீம்காஸ்ட் வெளியாகும் தறுவாயில் சேகா தலைமை அலுவலகத்தை நோக்கி ஒரு ஏவுகணை வருகிறது. மொட்டைமாடியிலிருந்து தாவி அதன்மேல் உட்கார்ந்து, விண்வெளிக்குத் திருப்பிவிட்டு, வெடித்துச் சாகிறார். பழைய கருவியின் நாயகன் புதிய கருவிக்காக உயிர்விடுகிறான். 2020-இல் சேகாவின் அறுபதாம் ஆண்டுக்கு ஃபுஜியோகாவின் சொந்த மகனையே ‘சேகா ஷிரோ’வாக நடிக்க வைத்தார்கள்.

இதே காலத்தில் சோனி, அமெரிக்காவில் சேகாவின் பழைய குறும்பைக் கையில் எடுத்திருந்தது. 1996-இல் தன் ஆட்டம் ஒன்றின் நாயகன் கிராஷ் பாண்டிகூட்டின் வேஷம் போட்ட ஓர் ஆள், வாஷிங்டன் மாநிலத்திலுள்ள நின்டெண்டோ அலுவலக வாசலில் மெகாபோனோடு நின்று, குழாய் ரிப்பேர்காரா, மீசைக்காரா என்று மரியோவை வம்புக்கு இழுத்தான். காவலாளி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவது வரை விளம்பரம்.

அப்போது நம் ஊரில் இந்த விளம்பரங்களைப் பார்த்தவர்கள் குறைவு. நமக்குத் தெரிந்தது பஜாரில் கிடைத்த டிவி கேம், ‘9999 இன் 1’ கேசட். உள்ளே இருந்தது பத்திருபது ஆட்டம். மீதி அதே ஆட்டங்கள் வேறு வேறு பெயரில். மேலே ஒட்டிய படத்துக்கும் உள்ளே ஓடிய ஆட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த 9999-ஐயும் யார் நம்பினார்கள்?

படம் அழகானது, பிடித்தது சனி

திருப்பம் 1997-இல் வந்தது. ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ அமெரிக்காவுக்கு வருகிறது. பழைய கேட்ரிட்ஜில் அடங்காத ஆட்டம், 3 சி.டி. அந்த சி.டி.களில் இடம் தாராளம் என்பதால், ஆட்டத்துக்கு இடையிடையே முன்கூட்டியே பெரிய கம்ப்யூட்டர்களில் தயாரித்த அனிமேஷன் துண்டுகளைச் சேர்த்திருந்தார்கள். டிவி விளம்பரம் முழுக்க அந்தத் துண்டுகள். சினிமாவில்கூட இப்படிச் செய்ய முடியாது என்று மார்தட்டியது விளம்பரம். வீட்டில் வட்டைப் போட்டால், நாயகன் கிளவுட் நடந்து வருகிறான்: கட்டைகளை அடுக்கியதுபோல உடம்பு, விரலே இல்லாத கை. ஆட்டம் அருமையான ஆட்டம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் விளம்பரத்தில் பார்த்ததை யாரும் கையால் ஆட முடியவில்லை. அட்டாரி அட்டையில் இருந்த ஓவியம் ஓவியம் என்று தெரிந்தது. இங்கே ஓவியமும் ஆட்டமும் ஒரே திரையில் ஓடியதால் எது எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போனது.

சரி, ஏமாற்றையே கலையாக்கிய ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். 2000 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இ3 கண்காட்சியில் ஹிடேயோ கொஜிமா ‘மெட்டல் கியர் சாலிட் 2’ டிரெய்லரைக் காட்டினார். மழை, கப்பல், நாயகன் ஸ்னேக். சுட்டால் பாட்டில்கள் ஒவ்வொன்றாக உடைந்து சிதறுகின்றன. எல்லாம் ஆட்டத்தில் இருந்தவைதான். ஆனால் 2001-இல் ஆட்டம் வந்தபோது, கப்பல் அத்தியாயம் முடிந்ததும் ஸ்னேக் ஒதுங்கிவிடுகிறார். மீதி ஆட்டம் முழுக்க நாம் ஆடவேண்டியது ரெய்டன் என்ற புதுப் பையனை! ரெய்டன் வரவேண்டிய இடங்களில்கூட ஸ்னேக்கை வைத்து மற்ற டிரெய்லர்களை வெட்டியிருந்தார் கொஜிமா. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆட்டத்தின் கதையே, நமக்குக் கிடைக்கும் தகவலை யாரோ வடிகட்டித் தருவதைப் பற்றியது. டிரெய்லரும் கதையின் ஒரு பகுதி என்பது அப்புறம்தான் புரிந்தது. இந்த ஏமாற்றை மன்னிக்கிறேன்.

2005-ஐ மன்னிக்க முடியாது. அதே இ3 கண்காட்சியில் சோனி, வரப்போகும் பிளேஸ்டேஷன் 3-க்காக ‘கில்ஸோன்’ ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டியது. துப்பாக்கி முனை நம் கண் முன்னே, தோட்டாக்கள் விர்ரென்று போகின்றன, பார்க்கிறவருக்கு யாரோ ஆடிக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. கேட்டதற்கு, நிஜ ஆட்டம்தான் என்ற தொனியில் பதில் வந்தது. உண்மையில் அது ஸ்காட்லாந்தின் ஆக்சிஸ் அனிமேஷன் என்ற ஸ்டூடியோ முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்த படம். ஆட்டம் இப்படி வந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசையின் படம். ‘கில்ஸோன் 2’ கடைக்கு வர 2009 ஆனது. நன்றாகவே வந்தது. ஆனாலும் அந்தப் பொய் நான்கு வருடம் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்தது.

அதே ஸ்டூடியோதான் 2011-இல் ‘டெட் ஐலண்ட்’ டிரெய்லரையும் செய்தது. ஹோட்டல் ஜன்னலிலிருந்து ஒரு சிறுமி விழுகிறாள். காட்சி பின்னோக்கி ஓடுகிறது. கண்ணாடிச் சில்லுகள் ஒன்றுசேர்கின்றன, அவள் மேலே மேலே எழும்புகிறாள், அப்பாவின் கை அவளை எட்டப் பார்க்கிறது. மெல்லிய பியானோ. கேன்ஸ் விளம்பர விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. வாங்க வேண்டியதுதான், குறும்படமாகப் பார்த்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். செப்டம்பரில் ஆட்டம் வந்தது. கடற்கரை ரிசார்ட்டில் துடுப்பாலும் கட்டையாலும் ஜாம்பிகளை மொத்தி, உடைந்த ஆயுதத்தைக் காசு கொடுத்துச் சரிசெய்யும் ஆட்டம். அந்தக் குடும்பத்தின் கதை அதில் எங்கே? அதன் இரண்டாம் பாகத்துக்கு 2014-இல் டிரெய்லர் விட்டார்கள். ஆட்டம் வந்தது 2023-இல்!

எல்லா அழகான விளம்பரத்தையும் இந்தக் கூண்டில் ஏற்ற முடியாது. 2006-இல் ‘கியர்ஸ் ஆஃப் வார்’ ஆட்டத்துக்கு, பின்னாளில் ‘டாப் கன்: மேவரிக்’ எடுத்த ஜோசப் கொசின்ஸ்கி ஒரு விளம்பரம் எடுத்தார். ராட்சதப் போர்வீரன் ஒருவன் இடிபாடுகளுக்கிடையே தனியாக நடக்க, பின்னணியில் ஒரு சோகப் பாட்டு. ஆட்டத்தின் சொந்த இன்ஜினிலேயே எடுத்தது; பார்த்த முகத்தையே வீட்டிலும் பார்க்க முடிந்தது. மறுவருடம் ‘ஹேலோ 3’-க்கு ஆட்டத்தையே காட்டாமல், போர்க்களத்தைச் சின்னச் சின்ன பொம்மைகளால் கட்டி, கேமராவை மெதுவாக அதற்குள் ஓட்டினார்கள். இதுதான் ஆட்டம் என்று அதைப் பார்த்து யாரும் நினைத்திருக்க முடியாது. பழைய அட்டாரி அட்டைக்கு இது பேரப்பிள்ளை.

ஆனால் ஏமாற்று நிற்கவில்லை. 2013-இல் ‘ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்’ ஆட்டத்துக்கு முன்பு காட்டியதும் பின்பு விற்றதும் வேறு வேறு என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் போக, டிரெய்லர்கள் இறுதி ஆட்டத்தைப் பிரதிபலிக்கவில்லை என்று குறிப்புப் போடச் சம்மதித்தது அதை வெளியிட்ட கம்பெனி. எந்தக் கம்பெனி? பந்தயக் காரையும் வேனையும் ஓட்டிய அதே சேகாதான்! 2020 டிசம்பர் 10 அன்று வந்த ‘சைபர்பங்க் 2077’, முதல் டிரெய்லர் வந்து கிட்டத்தட்ட 8 வருடம் கழித்து வந்தும், பிளேஸ்டேஷன் 4-இல் தடுமாறி விழுந்தது. சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கி, காசைத் திருப்பிக் கொடுத்தது. டிரெய்லர்களின் திருவிழாவாக இருந்த இ3 கண்காட்சியையும் 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். டிரெய்லர் மூடவில்லை, நேராக நம் செல்போனுக்கே வந்துவிடுகிறது.

வந்தால் பாருங்கள், ரசியுங்கள். பார்க்கும்போது கீழ் ஓரத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். இது ஆட்டக் காட்சி அல்ல என்று பெரும்பாலும் அங்கேதான் ஒப்புக்கொண்டிருப்பார்கள். திரையில் தோட்டாக் கணக்கு, உயிர்க்கோடு, வரைபடம் ஏதாவது தெரிகிறதா, கேமரா ஆடுகிறவரின் பின்னாலேயே நிற்கிறதா அல்லது சினிமாபோல நினைத்த இடத்துக்கெல்லாம் பறக்கிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகள் முன்பதிவு செய்யச் சொல்லி நச்சரித்தால் ஆட்டம் வெளியாகி நாலு பேர் ஆடிக் காட்டும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். டவுன்லோடு செய்கிற ஆட்டத்துக்கு ஸ்டாக் தீர்ந்துபோவதே கிடையாது.